எதிரணி ஆட்டக்காரரை இழித்துக் கூவிய மகன்: ஒரு தந்தைக்கு வழக்கறிஞரின் பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போகக்கூடிய ஒரு கிராமத்திலிருந்து, தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், அணி ஆகியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அறுவடை முடிந்த வயலில் நடந்த டென்னிஸ் பந்துக் கிரிக்கெட் போட்டியில், இவர்கள் ஊர் அணியும் கொல்லங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த மலையாள அணியும் மோதியிருக்கின்றன. எதிரணியின் தொடக்க ஆட்டக்காரருக்கு 22 வயது. அவருடைய தந்தை இந்த வாசகரின் தோப்பில் பதினோரு ஆண்டுகள் தேங்காய் பறித்தவர். பட்டியல் சாதியைச் சேர்ந்த குடும்பம். கல்லூரியில் படிக்கும் வாசகரின் மகனும் (வயது 19) நண்பர்களும் எல்லைக் கயிற்றை ஒட்டி நின்றுகொண்டு, அந்த இளைஞர் பந்தை எதிர்கொண்ட ஒவ்வொரு முறையும் அவருடைய நிறத்தைச் சொல்லியும், “மட்டையை வைத்துவிட்டு மரம் ஏறப் போ” என்றும் கூவியிருக்கிறார்கள். அவர் கடைசி வரை நின்று தம் அணியை வெற்றிபெற வைத்தார். ஆட்டம் முடிந்து அவர் பைக்கை எடுக்கப் போனபோது இவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அவர் தலையிலிருந்த தொப்பியைப் பறித்து வீசினான். கூட்டத்திலிருந்த 17 வயதுச் சிறுவன் இதையெல்லாம் கைப்பேசியில் பதிவு செய்து, “மலையாளத்தானை ஓட விட்டோம்” என்ற வரியுடன் ரீலாகப் போட்டிருக்கிறான். மூன்றாம் நாள் காவல் நிலையத்தில் புகார் பதிவாகி, வரும் திங்கட்கிழமை வரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது.

வாசகர் கேட்பவை இவை: விளையாட்டு மைதானத்தில் கத்துவது குற்றமா? யாரும் கை வைக்கவில்லை, சாதிப் பெயரையும் சொல்லவில்லை என்னும்போது வழக்கு நிற்குமா? மகனைப் பொள்ளாச்சியில் உள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? வீடியோ எடுத்த சிறுவன் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் எல்லாரும் தப்பிக்கலாம் என்று உறவினர்கள் சொல்வது சரியா? சென்ற ஆண்டு அவர்கள் ஊரில் ஆடியபோது நம் பையன்களை, தமிழரை இழிக்கும் ‘பாண்டி’ என்ற சொல்லால் கூவினார்களே, அதற்கு எதிர்ப்புகார் கொடுக்கலாமா? மகனோ, “ஸ்டேடியத்தில் நடக்காததா? ரசிகன் என்றால் அப்படித்தான்” என்று மன்னிப்புக் கேட்க மறுக்கிறான்.

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பிள்ளையின் படிப்பும் எதிர்காலமும் ஒரு புகார்த்தாளில் தொங்கும்போது எந்தத் தந்தைக்கும் தூக்கம் வராது. ஆனால் உங்கள் நான்கு பக்கங்களிலும், அந்த இளைஞர் அன்று இரவு வீட்டுக்குப் போய்த் தம் தந்தையின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் ஆலோசனை எல்லாம் அந்த விடுபட்ட வரியிலிருந்துதான் தொடங்குகிறது என்பதால் எழுதுகிறேன்.

மைதானத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை

ரசிகருக்கு உரிமைகள் உண்டு. தம் அணிக்காகத் தொண்டை வறளக் கத்தலாம், விசில் அடிக்கலாம், செண்டை கொட்டலாம், எதிரணி நான்கு ஓட்டம் எடுக்கும்போது கைதட்டாமல் மௌனமாக இருக்கலாம். “அடுத்த பந்தில் போல்டு” என்று சீண்டுவதையும் யாரும் குற்றம் என்று சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. நிறத்தையும் பிறப்பையும் பெற்றவர் செய்த தொழிலையும் எடுத்துப் பேசத் தொடங்கும்போது அது ஆட்டத்தை விட்டு ஆளுக்குப் போய்விடுகிறது. அங்கே கயிற்றுக்கு உள்ளே, வெளியே என்ற வேறுபாட்டைச் சட்டம் பார்ப்பதில்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 352-ஆம் பிரிவு, அமைதியைக் குலைக்கத் தூண்டும் வகையில் ஒருவரை வேண்டுமென்றே அவமதிப்பதைத் தண்டிக்கிறது. யாரும் கை வைக்கவில்லை என்கிறீர்கள். ஆனால் பைக்கை எடுக்க விடாமல் சூழ்ந்து நின்றது 126-ஆம் பிரிவின் கீழ் வழிமறித்தலாகவும், தலையிலிருந்து தொப்பியைப் பறித்தது 131-ஆம் பிரிவின் கீழ் வன்விசையாகவும் கொள்ளப்படலாம். அடித்தால்தான் குற்றம் என்பது பொதுவாக நிலவும் தவறான எண்ணம்.

இவற்றைவிடக் கனமானது 1989-ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சாதிப் பெயரைச் சொல்லவில்லை என்பதை நீங்கள் பெரிய கேடயமாக நினைக்கிறீர்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது அந்தச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவில் வருகிறது. அதற்கு முந்தைய 3(1)(ஆர்) பிரிவோ, பொதுப்பார்வையில் ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதித்தாலே போதும் என்கிறது. அவமதிப்பு அவர் பட்டியல் சாதியினர் என்ற காரணத்தால் நடந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் மகனுக்காக வாதாடுபவர் அந்த இடத்தில்தான் நிற்பார். எனினும் ‘மரம் ஏறப் போ’ என்பது வெறும் தொழிற்பேச்சா, பிறப்பைச் சுட்டிய பேச்சா என்று நீதிமன்றம் கேட்டால், பதினோரு ஆண்டுகள் உங்கள் தோப்பில் உழைத்த குடும்பம் அது என்ற உண்மை உங்களுக்கு எதிராகவே பேசும். குடும்பத்தை நேரில் அறிந்தவருக்குச் சாதியும் தெரிந்திருக்கும் என்று கொள்ள அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு இடமளிக்கிறது. ரீலைப் பற்றியும் சொல்ல வேண்டும்: பாதிக்கப்பட்டவர் நேரில் இல்லாவிட்டாலும் இணையத்தில் பொதுவில் இடும் இழிசொல்லுக்கு இச்சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் ஒரு முன்ஜாமீன் வழக்கில் கூறியிருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானால், 18-ஆம் பிரிவு முன்ஜாமீனுக்குத் தடை போடுகிறது. முகாந்திரமே இல்லை என்று காட்டினால் மட்டுமே அந்தத் தடை தளரும். தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நிலைமையின் எடையைச் சரியாக அறியாமல் எடுக்கும் முடிவுகள் உங்களை மேலும் இறுக்கும் என்பதாலேயே சொல்கிறேன்.

“ஸ்டேடியத்தில் நடக்காததா?”

உங்கள் மகனின் இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஸ்டேடியத்தில் நடக்கிறது என்பது உண்மை. நடந்த பிறகு என்ன ஆயிற்று என்பதைத் தம்பி முழுதாகப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

1996 மார்ச் 13 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் உலகக் கோப்பை அரையிறுதி. 252 ஓட்ட இலக்கைத் துரத்திய இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தபோது ரசிகர்கள் பாட்டில்களை வீசினார்கள், பார்வையாளர் மேடைகளில் தீ எரிந்தது. ஆட்டம் இலங்கைக்கு வழங்கப்பட்டது. களத்தில் நின்றிருந்த வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியேறினார். அந்தக் கூட்டம் யாருக்காகக் கத்தியதோ அவரையே அழவைத்தது.

2021 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் ஹைதராபாத்தைச் சேர்ந்த முகமது சிராஜைப் பார்வையாளர்கள் இழித்துப் பேச, அவர் நடுவரிடம் முறையிட்டார். ஆட்டம் சில நிமிடங்கள் நிறுத்தப்பட்டது, ஆறு பேர் மைதானத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள், ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் மன்னிப்புக் கேட்டது. அன்று நம் ஊர்களில் எத்தனை பேர் கொதித்தோம்! உங்கள் மகனும் கொதித்திருப்பான். சிட்னியில் நின்ற சிராஜுக்கும் அறுவடை வயலில் நின்ற இந்த இளைஞருக்கும் என்ன வேறுபாடு என்று அவனிடம் நிதானமாகக் கேளுங்கள். பதிலுக்காக அவசரப்படுத்த வேண்டாம்.

முத்தையா முரளிதரனையும் அவனுக்கு நினைவூட்டுங்கள். கண்டியில் பிறந்த தமிழர். 2010 ஜூலையில் காலியில் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டோடு விடைபெற்றவர். 2008 முதல் 2010 வரை சென்னை அணிக்கு ஆடியவர். ஆஸ்திரேலிய மைதானங்களில் அவர் பந்து வீசும்போதெல்லாம் கூட்டம் ‘நோ பால்’ என்று கத்தும். ஒரு மனிதர் பிறவியிலேயே முழுதாக நீளாத தம் முழங்கையோடு ஓடி வந்து வீசும் ஒவ்வொரு பந்துக்கும் ஆயிரக்கணக்கானோர் அவரை ஏமாற்றுக்காரர் என்று கூவுவதைக் கேட்டு நாம் வருந்தினோம். நம்மவர் என்பதால் மட்டும் வருந்தினோம் என்றால் அந்த வருத்தத்துக்கு மதிப்பில்லை.

மாறாக நடந்ததும் உண்டு. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் நான் இருந்தேன். அப்போது சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். பாகிஸ்தான் அணி வரக்கூடாது என்று டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப்போட்ட மாதம் அது. 271 ஓட்ட இலக்கு. முதுகுவலியோடு சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். அவரும் ஆட்டமிழந்த பிறகு மீதி விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்து, 12 ஓட்டங்களில் தோற்றோம். சக்லைன் முஷ்டாக் அந்த டெஸ்டில் பத்து விக்கெட் எடுத்திருந்தார். கடைசி விக்கெட் விழுந்ததும் மேடையில் யாரும் பேசவில்லை. என் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கைதட்டத் தொடங்கினார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ஓசை. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கமே நின்றுகொண்டிருந்தது. தோல்வியின் வலி குறையவில்லை, ஐயா. வலியோடுதான் நின்றோம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே மைதானத்தில் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ஓட்டங்கள் குவித்தபோதும் இதே கூட்டம்தான் எழுந்து நின்றது. ரசிகன் என்றால் எப்படி என்று உங்கள் மகன் சொல்கிறானே, அவனுக்கு முன்னால் இருந்த தமிழ் ரசிகர்கள் இப்படி இருந்தார்கள் என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும்.

இன்றைய ஆட்டக்காரர்களையே அவன் பின்பற்றுபவன் என்றால், 2019 உலகக் கோப்பையில் ஓவல் மைதானத்தில் இந்திய ரசிகர்கள் ஸ்டீவ் ஸ்மித்தை இழித்துக் கூவியபோது விராட் கோலி அவர்கள் பக்கம் திரும்பி, நிறுத்துங்கள், கைதட்டுங்கள் என்று சைகை செய்ததைக் காட்டுங்கள். 2024 ஏப்ரலில் வான்கடே மைதானத்தில் மும்பை ரசிகர்கள் தங்கள் சொந்த அணித் தலைவர் ஹர்திக் பாண்டியாவையே கூவியபோது, எதிரணியில் ஆடிய கோலிதான் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எதிரணி மேல் தொடங்கும் பழக்கம் நம் அணிக்குள்ளேயே திரும்பி வருகிறது; 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றதும் முகமது ஷமியைப் பற்றி இந்திய ரசிகர்கள் சிலர் என்னென்ன எழுதினார்கள் என்பதை நாடே பார்த்தது.

மகன் எந்நேரமும் மஞ்சள் ஜெர்சியில்தான் திரிவான் என்று எழுதியிருக்கிறீர்கள். ராஜஸ்தான் அணித் தலைவராக இருந்தவரை சஞ்சு சாம்சன் அவனுக்கு எதிரணி. திருவனந்தபுரத்துக்காரரான அவர் 2026 பருவத்துக்காகச் சென்னை அணிக்கு மாறியதும் நம்மவர். சென்னையின் பாபா அபராஜித் கேரளத்துக்காக ரஞ்சி ஆடினார். கேரளத்தின் சந்தீப் வாரியர் தமிழ்நாட்டுக்காக ஆடினார். எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இது புதிதா என்ன? அடுத்த பருவத்தில் அந்த இளைஞரையே உங்கள் ஊர் அணி கூலி பேசி அழைத்து ஆடவைத்தாலும் நான் வியப்படையமாட்டேன்.

பொள்ளாச்சியும் பதினேழு வயதுச் சிறுவனும்

மகனை எங்கேயும் அனுப்பாதீர்கள். கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் கேரளப் போலீசார் வரமாட்டார்கள் என்பது பழைய கதை. நாட்டின் எந்தப் பகுதிக்கும் பின்தொடர்ந்து சென்று கைது செய்யக் காவல்துறைக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்து விசாரிக்க வழி உண்டு. அழைத்தபோது வந்தவர் என்ற நற்பெயர்தான் அந்த வழியைத் திறந்து வைக்கும். ஓடியவர் அதைத் தாமே மூடிவிடுகிறார்.

சிறுவனைப் பொறுப்பேற்கச் சொல்லும் யோசனையைக் கேட்டு எனக்கு உண்மையில் கோபம் வந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையை நம் பிள்ளைக்குக் கேடயமாக்குவது எந்தப் பெரியவருக்கும் அழகல்ல. சட்டப்படியும் அது பயன் தராது. 18 வயது நிறையாதவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் போவார்; பொதுவாகச் சிறு குற்றங்களில் அவர்கள் மேல் முதல் தகவல் அறிக்கையே பதிவதில்லை. ஆனால் பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படும்போது அந்தச் சலுகை அவனுக்குக் கிடைக்காமல் போகலாம். அதாவது, உங்கள் மகனோடு நின்றதாலேயே அவன் நிலை மோசமாகிறது. வீடியோவில் யார் குரல் எது என்று கேட்பவருக்குத் தெரியும். அவனுடைய பெயரையோ படத்தையோ யாரும் எங்கும் வெளியிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

ரீலைப் பொதுப்பார்வையிலிருந்து இன்றே நீக்கச் சொல்லுங்கள். ஆனால் கைப்பேசியில் உள்ள மூலப் பதிவை அழிக்கக் கூடாது. சான்றை அழிப்பது தனிக் குற்றம்.

திங்கட்கிழமை வழக்கறிஞரை உடன் அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது என்று எழுதியிருக்கிறீர்கள்; படித்துப் புரியாத தாள் எதிலும் கையெழுத்திட வேண்டாம், தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேரளத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘பாண்டி’ என்ற சொல்

அந்தச் சொல் எனக்கும் பழக்கமானது. பாலக்காட்டில் படிக்கும்போது பேருந்தில் தமிழ் பேசியதற்காக அந்தச் சொல்லை வாங்கியிருக்கிறேன். ஆகவே உங்கள் பையன்கள் சென்ற ஆண்டு பட்ட காயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் ஓராண்டு பேசாமல் இருந்துவிட்டு, அவர்கள் புகார் கொடுத்த மறுநாள் நீங்கள் புகார் கொடுத்தால், அதைப் பேரம் பேசுவதற்கான காகிதமாகவே எல்லாரும் பார்ப்பார்கள். உண்மையான காயமும் பொய்யாகத் தெரியும். மேலும் அன்று கூவியவர்களில் இந்த இளைஞர் இருந்ததாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. யாரோ சொன்ன சொல்லுக்கு இவரை ஏன் தண்டிக்க வேண்டும்? ‘மலையாளத்தானை ஓட விட்டோம்’ என்ற வரிதான் இப்போது ஆபத்தானது. மொழியின் பெயரால் பகைமூட்டுவதைத் தண்டிக்கும் நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவை யாராவது எடுத்தால், அந்த வரி உங்கள் பக்கத்தில் இருக்கிறது. ‘பாண்டி’ விவகாரத்தை இரண்டு ஊர் மன்றங்களும் அமர்ந்து தனியாகப் பேசட்டும். இனி எந்தத் தரப்பு ரசிகர்கள் மொழியையோ சாதியையோ சொல்லிக் கூவினாலும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று போட்டி விதியிலேயே எழுதச் சொல்லுங்கள். சிட்னியில் செய்ய முடிந்ததைச் சித்தூரில் செய்ய முடியாதா?

அந்த வீட்டுக்குப் போவது

மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிக் கொடுக்கும் வாசகங்கள் பின்னர் சான்றாகலாம்; எனவே எழுத்து எதையும் உங்கள் வழக்கறிஞர் பார்த்த பிறகே கொடுங்கள். நேரில் போய்ச் சொல்லும் வருத்தத்தையும் எதிர்த்தரப்பு எடுத்துச் சொல்லக்கூடும். அந்த ஆபத்தை நான் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் போகச் சொல்கிறேன், ஏனென்றால் பதினோரு ஆண்டுகள் உங்கள் மரங்களில் ஏறி இறங்கியவரின் உழைப்பை அவர் மகனுக்கு எதிரான வசைச்சொல்லாக உங்கள் வீட்டுப் பிள்ளை மாற்றியிருக்கிறான். இதற்குச் சட்டப் புத்தகத்தில் பரிகாரம் தேடினால் கிடைக்காது.

முதலில் இருவருக்கும் தெரிந்த ஒருவர் மூலம், வரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் போகாதீர்கள். சரி என்றால் நீங்களும் மகனும் மட்டும் போங்கள். பத்துப் பெரியவர்களோடு நான்கு காரில் போனால் அது மன்னிப்பாக இருக்காது, மிரட்டலாகத் தெரியும். பணத்தைப் பற்றியோ புகாரைத் திரும்பப் பெறுவதைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். 352-ஆம் பிரிவில் பாதிக்கப்பட்டவர் விரும்பினால் சமரசம் செய்துகொள்ளலாம், வன்கொடுமைச் சட்டத்தில் அது அவர் கையில்கூட இல்லை. மகன் பேசட்டும், “விளையாட்டாகச் செய்தோம்” என்று தொடங்கக் கூடாது. தகப்பனாரிடமும் அவன் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்களும் சொல்ல வேண்டும். அவர்கள் மன்னிக்காவிட்டால், அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு எழுந்து வாருங்கள். புகாரைத் தொடர அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

மறு ஆட்டம் அடுத்த மாதம் உங்கள் வயலிலேயே என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டிக் குழுவில் நீங்களும் இருப்பதால், பார்வையாளர்களைக் கயிற்றிலிருந்து பத்தடியாவது தள்ளி நிறுத்துங்கள், பைக் நிறுத்தும் இடத்தில் பொறுப்பான இரண்டு பேரை வையுங்கள். மகனை அன்று வீட்டில் பூட்டி வைக்க வேண்டாம். அந்த இளைஞர் ஆட வந்தால் அவன் கைதட்டட்டும். அவர் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்டு யாரும் அவர் வீட்டுக்குப் போகக் கூடாது.